மஸ்டாங் கன்வெர்ட்டிபிள்: அறிகுறி பார்த்துப் பழுது கண்டுபிடிப்பது

நியூ ஜெர்சி எடிசனில், ரூட் 1 சாலையோரம் இன்று கடைகள் நிற்கும் ஓர் இடத்தில் 2004 வரை ஃபோர்டு கார் ஆலை ஒன்று இருந்தது. எடிசனில் இருந்தாலும் அதற்குப் பக்கத்து ஊரின் பெயர்தான்: மெட்டச்சன் ஆலை. என் கராஜில் நிற்கும் 1966 மஸ்டாங் கன்வெர்ட்டிபிள், அதாவது துணிக்கூரையை மடித்துவிடும் கார், அங்கே உருவானது. நம்மவர்கள் இத்தனை பேர் இந்த ஊரில் வாழ்கிறோம், தினமும் அந்த வழியாகத்தான் போகிறோம். அங்கிருந்து புறப்பட்ட ஒரு காரை மீட்டு ஓட்ட வேண்டும் என்ற ஆசையில்தான் இந்த வேலைக்குள் வந்தேன்.

முதல்முறை மீட்பவர்களுக்கு 1965, 1966 மஸ்டாங்கைத் தைரியமாகச் சொல்வேன். 1964 ஏப்ரல் 17 அன்று அறிமுகமான இந்தக் காரில், 1965 மாடலில் மட்டும் 1,01,945 கன்வெர்ட்டிபிள்கள் வந்தன, 1966இல் 72,119. அதனால் கார் கிடைக்கும், பாகமும் கிடைக்கும். திருகிலிருந்து தரைத்தகடு வரை புதிதாகச் செய்து விற்கிறார்கள். பாகம் சுலபமாகக் கிடைப்பதிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது: காரணம் தெரியாமலே பாகத்தை மாற்றிக்கொண்டு போவோம். நான் அப்படித்தான் இரண்டு குளிர்காலத்தை இழந்தேன். எஞ்சினைப் பிரித்துச் சேர்த்து முடித்த பிறகு, அதைத் தாங்க வேண்டிய தரை துருவில் கரைந்திருப்பதைப் பார்த்தேன். எனவே கீழே உள்ள வரிசை என் அனுபவத்தின் வரிசை: முதலில் உடல், அப்புறம் மின்சாரம், பெட்ரோல், பிரேக். கூரை கடைசி.

அறிகுறி: "அசல் வி8 கன்வெர்ட்டிபிள்" என்கிறார்கள், பார்த்தால் ஏதோ உறுத்துகிறது

வண்டி எண்ணைப் படியுங்கள். பானெட்டைத் திறந்தால் ஓட்டுநர் பக்க உள் இரும்புச் சுவரின் மேல் விளிம்பில் குத்தியிருக்கும். முதல் இலக்கம் ஆண்டு: 5 அல்லது 6. அடுத்த எழுத்து ஆலை: எஃப் என்றால் டியர்பார்ன், ஆர் என்றால் சான் ஹோசே, டி (T) என்றால் மெட்டச்சன். அடுத்த இரண்டு இலக்கம்தான் முக்கியம். 08 என்றால் கன்வெர்ட்டிபிள், 07 சாதாரணக் கூரைக் கார், 09 சரிந்த கூரை ஃபாஸ்ட்பேக். எண் 07 என்று இருந்து மேலே துணிக்கூரை இருந்தால், யாரோ இரும்புக் கூரையை அறுத்திருக்கிறார்கள். அந்தக் காரின் அடியில் கன்வெர்ட்டிபிளுக்கான கூடுதல் பலம் இருக்காது. வாங்காதீர்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

அதற்கடுத்த எழுத்து எஞ்சின். சி, ஏ, கே மூன்றும் 289 கன அங்குல வி8, அதாவது எட்டு சிலிண்டர். டி (T) என்றால் 200 கன அங்குல ஆறு சிலிண்டர். இதைச் சக்கரத்தோடு ஒப்பிடுங்கள். ஆலையில் ஆறு சிலிண்டர் காருக்கு நான்கு நட்டு, வி8 காருக்கு ஐந்து. எண் சி என்கிறது, சக்கரத்தில் நான்கு நட்டு இருக்கிறது என்றால், எங்கோ இரண்டு கார்கள் ஒன்றாகியிருக்கின்றன. ஆறு சிலிண்டர் கார் ஒன்றும் குறைந்ததல்ல, மெதுவாக ஊரைச் சுற்ற அருமையான வண்டி. ஆனால் அதை வி8 விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

ஓட்டுநர் கதவில் உள்ள தகட்டில் 76 என்று தொடங்கும் உடல் குறியும் கன்வெர்ட்டிபிளையே சொல்ல வேண்டும். அந்தத் தகட்டைப் புதிதாக அடித்துத் தருபவர்கள் உண்டு என்பதால், தகட்டைவிட உள் சுவரில் குத்திய எண்ணையே நம்புகிறேன். ஆர் என்ற எழுத்தைப் பார்த்து "கலிஃபோர்னியாக் கார், துரு இருக்காது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பிறந்த ஊர்தான் தெரியும். அறுபது வருடம் எந்த ஊர் உப்புச் சாலையில் ஓடியது என்று அந்த எழுத்து சொல்லாது.

அறிகுறி: கதவு சரியாகச் சாத்தவில்லை, மேலே உரசுகிறது

எல்லா அறிகுறிகளிலும் இதற்குத்தான் நான் அதிக நேரம் கொடுப்பேன். இந்தக் காருக்குத் தனிச் சேஸி கிடையாது, உடலே சட்டம். இரும்புக் கூரை உள்ள காரில் கூரையும் சேர்ந்து பாரத்தைத் தாங்கும். கன்வெர்ட்டிபிளில் அந்த வேலை முழுக்கக் கதவுக்கு அடியில் ஓடும் நீளப் பெட்டியான ராக்கருக்கும், அதை முன்பக்கச் சட்டத்தோடு இணைக்கும் டார்க் பாக்ஸுக்கும் போகிறது. அதற்காகவே உள் ராக்கரைத் தடித்த இரும்பில் செய்தார்கள். துரு முதலில் தின்பதும் இந்த இடத்தைத்தான். பலம் போனதும் கார் நடுவில் தொய்கிறது, பழைய கயிற்றுக் கட்டில் மாதிரி.

காரைச் சமதரையில் நிறுத்தி, கதவின் பின் விளிம்புக்கும் பின்பக்கத் தகட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். மேலே குறுகிக் கீழே அகன்றிருந்தால் தொய்வு. அதற்கு முன், கதவைத் திறந்து நுனியைப் பிடித்து மேலே தூக்குங்கள். கதவு கீலில் லொடலொட என்று ஆடினால் தேய்ந்தது கீல் ஊசியாகவும் இருக்கலாம். அது ஒரு மதிய வேலை. கீல் இறுக்கமாக இருந்தும் இடைவெளி கோணலாக இருந்தால், முன் சக்கரத்துக்குப் பின்னால் பலமான இடத்தில் ஜாக்கி வைத்து ஒரு பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி, கதவை மறுபடி சாத்திப் பாருங்கள். தூக்குவதற்கு முன்பும் பின்பும் கதவு வேறுவிதமாகச் சாத்தினால் உடல் வளைகிறது என்று அர்த்தம். ஜாக்கியின் தலை இரும்புக்குள் புதைந்தால் வேறு சோதனையே வேண்டாம்.

அடுத்து அடியில் படுங்கள். ஒரு திருப்புளி, ஒரு சின்னக் காந்தம் போதும். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி பார்த்து மூடியிருக்கிறார்கள். என் காரின் அடிப்பக்கம் புதுத் தார் பூசிக் கருகருவென்று அழகாக இருந்தது. விற்றவர் அதைக் காட்டியே விலை பேசினார். வீட்டுக்கு வந்து திருப்புளியால் தட்டியபோது ஓரிடத்தில் "டங்" என்ற சத்தம் "டப்" என்று மாறியது. தாரைச் சுரண்டினேன். தகரத் துண்டு ஒன்றை ரிவிட் அடித்து ஒட்டியிருந்தார்கள். ரிவிட்டை எடுத்ததும் உள்ளே இருந்த ராக்கர் ஒரு கைப்பிடி செதிலாக உதிர்ந்தது. புதுத் தார் பூசிய பழைய காரைக் கண்டால் இரட்டிப்புச் சந்தேகத்தோடு தட்டிப் பாருங்கள்.

சரி, தொய்வு உறுதியாகிவிட்டது. திருத்தும் வரிசையில் தவறக் கூடாத விதி ஒன்றே: கதவு வாசலுக்குள் குழாய்ச் சட்டம் வெல்ட் செய்து கட்டும் வரை ஒரு தகட்டையும் அறுக்காதீர்கள். முதலில் காரைச் சமமாகத் தாங்கி நிறுத்தி, ஜாக்கியால் கதவிடைவெளியை நேராக்கி, அதற்குப் பிறகே ஒன்றரை அங்குலச் சதுரக் குழாயை இரண்டு வாசலிலும் குறுக்கே பற்ற வையுங்கள். ஒரு பக்க ராக்கரை மாற்றி முடித்து, இடைவெளியை மறுபடி அளந்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். கோணலாக இருக்கும்போதே புது ராக்கரை வெல்ட் செய்துவிட்டால் அந்தக் கோணல் நிரந்தரம். அதற்கப்புறம் கதவும் சேராது, கூரையும் சேராது. வெல்டிங்கில் கை பழகாதவர்கள் இந்த ஒரு வேலையைத் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது. கட்டுமானத்தில் வரும் தவறு நம்மோடு சாலையில் வரும்.

அறிகுறி: மழைக்குப் பிறகு கால் வைக்கும் இடம் ஈரம்

எந்த இடம் ஈரம், எப்படிப்பட்ட ஈரம் என்று பாருங்கள். விரலில் வழவழப்பும் இனிப்பு வாசனையும் இருந்தால் அது மழைநீரே அல்ல. காரின் உள்ளே சூடு தரும் ஹீட்டர் கோர் ஒழுகி, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் வருகிறது. பின்னிருக்கைக் கால்மாட்டில் வெறும் தண்ணீர் என்றால், கூரை மடிந்து உட்காரும் பள்ளத்தின் விரிப்பு கிழிந்திருக்கலாம், அல்லது அதன் வடிகால் குப்பையால் அடைத்திருக்கலாம். முன்னால், டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து வெறும் தண்ணீர் சொட்டினால் அது கவுல்.

வைப்பருக்குக் கீழே கம்பி வரிசை மாதிரித் திறப்புகள் தெரிகின்றன அல்லவா, அதற்குள் இருக்கும் மூடிய பெட்டிதான் கவுல். வெளிக்காற்று அதன் வழியே வருகிறது. மழைநீர் இரு பக்கமும் வடிந்து போக வேண்டும். உள்ளே காற்று நுழையும் இரண்டு துளைகளைச் சுற்றித் தொப்பி விளிம்பு மாதிரி உயர்ந்த இரும்பு வளையம் உண்டு. இலைதழை சேர்ந்து, ஈரம் தேங்கி, அந்த வளையத்தின் அடி துருப்பிடிக்கும். அப்புறம் தண்ணீர் நேராகக் காலில்.

சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். என் மகள் முன்னிருக்கையைக் கழற்றிய தரையில் மல்லாந்து படுத்து டார்ச் அடித்தாள். நான் வெளியே ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்து, வலது ஓரத்திலிருந்து ஒவ்வொரு சாணாக நகர்ந்து ஊற்றினேன். வலது பக்கம் ஒன்றும் இல்லை. நடுவிலும் இல்லை. இடது பக்கம் பாதிச் சொம்பு இறங்கியதும் உள்ளேயிருந்து குரல்: "அப்பா, வருது. டீ கலர்ல வருது." அந்த நிறம்தான் பதில். தெளிந்த நீராக வந்தால் அடைப்போ ரப்பரோ என்று யோசிக்கலாம். டீ நிறத்தில் வந்தால் வளையம் போய்விட்டது.

சரியான மருந்து, மேல் தகட்டின் புள்ளி வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளையிட்டுப் பிரித்து, உள்ளே புது இரும்பு வைத்து மூடுவது. நீண்ட வேலை, ஆனால் முடிந்தால் முடிந்ததுதான். கீழிருந்து சீலன்ட் வைத்து ஒட்டும் பிளாஸ்டிக் தொப்பியும் கிடைக்கிறது. ஒரு பருவம் ஓட்டிக்கொள்ள அது போதும். எதைச் செய்தாலும் புது கார்பெட் வாங்குவதற்கு முன் செய்யுங்கள்.

அறிகுறி: மேடுபள்ளத்தில் கண்ணாடிச் சட்டமும் ஸ்டியரிங்கும் நடுங்குகின்றன

கொஞ்சம் நடுக்கம் எல்லா மஸ்டாங் கன்வெர்ட்டிபிளிலும் உண்டு, பயப்பட வேண்டாம். கதவிடைவெளி நேராக இருந்து நடுக்கம் மட்டும் அதிகம் என்றால், எஞ்சின் அறையில் ஷாக் அப்சார்பர் கோபுரங்களைப் பின்சுவரோடு இணைக்கும் சட்டத்தின் போல்ட்டுகளை இறுக்குங்கள். ஒரே துண்டாக வரும் எக்ஸ்போர்ட் பிரேஸ் போட்டால் வித்தியாசம் கையிலேயே தெரியும். துருப்பிடித்த ராக்கருக்கு அது மாற்று அல்ல.

அறிகுறி: சாவியைத் திருப்பினால் "டிக்" என்று ஒரு சத்தம் மட்டும்

ஸ்டார்ட்டர் மோட்டாரை உடனே கழற்றிவிடாதீர்கள். பேட்டரி முனைகளில் மல்டிமீட்டர் வைத்து, வேறொருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் இருந்து, திருப்பும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி. விழவே இல்லை என்றால் மின்சாரம் வழியில் நிற்கிறது. பேட்டரிக்குப் பக்கத்தில் உள் சுவரில் திருகியிருக்கும் வட்டமான ஸ்டார்ட்டர் ரிலே, அதன் இரண்டு பெரிய முனைகள், எஞ்சினுக்குப் போகும் எர்த் கேபிள் ஆகியவற்றைக் கழற்றி, இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து மாட்டுங்கள். அறுபது வயது காரில் பாதி மின்கோளாறு எர்த்தில்தான். புதிதாகப் பெயின்ட் அடித்த காரில் இன்னும் அதிகம். பெயின்ட்டின் மேலேயே எர்த் ஒயரைத் திருகிவிடுகிறார்கள்.

டிக் சத்தம்கூட வரவில்லை, கார் ஆட்டோமேட்டிக் என்றால் நியூட்ரலில் போட்டுத் திருப்புங்கள். நியூட்ரலில் ஸ்டார்ட் ஆனால் கியருக்கான பாதுகாப்பு சுவிட்ச் நகர்ந்திருக்கிறது.

அறிகுறி: ஸ்டார்ட் ஆகிறது, சாவியை விட்டதும் நின்றுவிடுகிறது

புதிதாக வந்தவர்களை அதிகம் குழப்புவது இதுதான். கார்புரேட்டரைப் பிரிப்பார்கள், பெட்ரோல் பம்ப் மாற்றுவார்கள். காரணம் பெரும்பாலும் ஓர் இளஞ்சிவப்பு ஒயர்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் தொடுமுனைகள்தான் பாயிண்ட். இந்தக் காரின் பாயிண்ட்டுகளுக்கு முழு 12 வோல்ட் தொடர்ந்து ஆகாது, கருகிவிடும். அதனால் சாவியிலிருந்து, தீப்பொறிக்கான மின்சாரம் தரும் காயிலுக்குப் போகும் வழியில், மின்தடை உள்ள இளஞ்சிவப்பு ஒயர் ஒன்றை ஃபோர்டு வைத்தது. ஸ்டார்ட் செய்யும் கணத்தில் மட்டும் ஸ்டார்ட்டர் ரிலே வேறொரு ஒயரில் முழு வோல்ட்டை அனுப்பும். இளஞ்சிவப்பு ஒயர் அறுந்திருந்தால் என்ன ஆகும்? சுற்றும்போது எஞ்சின் பற்றும். சாவி திரும்பி வந்ததும் காயிலுக்கு ஒன்றும் வராது, நின்றுவிடும்.

பாயிண்ட் மூடியிருக்கும் நிலையில் சாவியை ஆன் செய்து, காயிலின் பிளஸ் முனையில் அளவெடுங்கள். ஐந்திலிருந்து எட்டு வோல்ட் வரை வந்தால் நலம். சுழி என்றால் ஒயரோ சாவி சுவிட்சோ போயிருக்கிறது. முழு 12 வந்தால் முன்பு யாரோ சாதாரண ஒயரைப் போட்டு மாற்றுவழி செய்திருக்கிறார்கள். அந்தக் காரில் பாயிண்ட் அடிக்கடி கருகும். ஒயரை வெட்டிச் சின்னதாக்கி ஒட்டாதீர்கள், நீளம் குறைந்தால் தடையும் குறையும். பாயிண்ட்டைப் புதிதாக வைக்கும்போது 289க்கு இடைவெளி 0.017 அங்குலம். சிலிண்டர்கள் பற்றும் வரிசை 1-5-4-2-6-3-7-8. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால் ஒயரை மாற்றி மாட்டாமலிருக்க இதைச் சுவரில் எழுதி வையுங்கள்.

அறிகுறி: பெட்ரோல் முள்ளும் சூட்டு முள்ளும் சேர்ந்தே பொய் சொல்கின்றன

இரண்டும் சேர்ந்து உச்சிக்கு ஏறினாலோ, இரண்டும் சேர்ந்து படுத்தாலோ, மீட்டருக்குப் பின்னால் இருக்கும் சின்ன வோல்டேஜ் சீராக்கியைப் பாருங்கள். விட்டுவிட்டு மின்சாரம் அனுப்பிச் சராசரியாக 5 வோல்ட் தருவது அதன் வேலை. அதன் எர்த் விட்டுப்போனாலே முட்கள் ஏறிவிடும். ஒரே ஒரு முள் மட்டும் தவறாகக் காட்டினால் அந்த முள்ளுக்கு அளவை அனுப்பும் சென்டரை (sender) பாருங்கள்: பெட்ரோல் சென்டர் காலியில் சுமார் 73 ஓம், நிறைவில் சுமார் 10 ஓம் காட்ட வேண்டும்.

அறிகுறி: டிக்கியில் பெட்ரோல் வாடை

இதைக் கண்டால் வேறு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இதைப் பாருங்கள். 65, 66 மஸ்டாங்கில் 16 கேலன் டாங்கின் மேல்தகடே டிக்கியின் தரை. நிரப்பும் குழாய் பின் விளக்குகளுக்கு நடுவிலிருந்து டிக்கிக்குள் வந்து, ஒரு ரப்பர் குழாய் வழியாக டாங்கில் சேர்கிறது. அந்த ரப்பர் வெடித்திருந்தால் ஆவி நேராக உள்ளே வரும். இங்கே விற்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைச் சீக்கிரம் கெடுக்கும். தாமதிக்காமல் அந்தக் குழாயையும், டாங்கிலிருந்து எஞ்சின்வரை உள்ள எல்லா ரப்பர்த் துண்டுகளையும் புதிய வகையில் மாற்றுங்கள். முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள், கராஜ் கதவைத் திறந்து வையுங்கள், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பக்கத்தில் வெல்டிங் செய்வதாக இருந்தால் டாங்கைக் காரிலிருந்தே இறக்கிவிட வேண்டும்.

அறிகுறி: பிரேக் பெடல் மெல்ல இறங்குகிறது, அல்லது ஒரு முன்சக்கரம் சூடாகிறது

காலால் அழுத்திப் பிடித்திருக்கும்போதே பெடல் இறங்கினால், வெளியே ஒழுக்கு இல்லாவிட்டாலும், பெடல் அழுத்தத்தில் பிரேக் திரவத்தைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள் விடுகிறது. ஒரு சக்கரம் மட்டும் சூடாகி வண்டி ஒரு பக்கம் இழுத்தால் அந்தப் பக்க ரப்பர்க் குழாயை மாற்றுங்கள். உள்ளே வீங்கி, போன திரவத்தைத் திரும்ப விடாது.

மஸ்டாங்குக்கு இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர் 1967 மாடலில்தான் வந்தது. அதற்கு முந்தைய கார்களில் ஒரே அறை: எங்காவது ஓரிடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. காரை ஆலையிலிருந்து வந்தபடியே வைத்திருக்க விரும்புகிறவன் நான். ஆனாலும் இதில் மட்டும் இரட்டை அறைக்கு மாறினேன். மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டும் கார் இது.

அறிகுறி: கூரை ஏறவில்லை, கோணலாக ஏறுகிறது, கொக்கி எட்டவில்லை

உங்கள் காரில் பவர் கூரை இருந்தால் பின்னிருக்கைக்குப் பின்னால் மின்மோட்டாரும் பம்பும், இரு பக்கமும் ஒவ்வொரு ஹைட்ராலிக் சிலிண்டரும் இருக்கும். மோட்டார் சத்தமே இல்லை என்றால் எஞ்சினை ஓடவிட்டு முயலுங்கள், அப்புறம் மோட்டாரின் எர்த்தைத் தேயுங்கள். சத்தம் வருகிறது, கூரை அசையவில்லை என்றால் திரவம் குறைந்திருக்கிறது. சிலிண்டர் தண்டைச் சுற்றி ஈரமும், பக்கப் பலகையில் எண்ணெய்க் கறையும் தெரியும். ஊற்றுவதற்கு முன் ஏற்கெனவே உள்ளே என்ன திரவம் இருக்கிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள்: பிரேக் திரவமும் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயும் கலந்தால் ரப்பர் சீல்கள் போய்விடும். நிரப்பியபின் நாலைந்து முறை ஏற்றி இறக்கினால் காற்று வெளியேறும். ஒரு பக்கம் முந்தி, மறுபக்கம் பிந்தினால் அந்தக் கணமே சுவிட்சை விடுங்கள். விடாமல் அழுத்தினால் கூரைச் சட்டம் முறுக்கிக்கொள்ளும். அதை நேராக்குவது மிகக் கடினம்.

கொக்கி கண்ணாடிச் சட்டத்தை எட்டாமல் ஓர் அங்குலம் நின்றால், புதுத் துணியாக இருக்கும் பட்சத்தில் வெயிலில் சில மணி நேரம் விட்டு மறுபடி இழுங்கள். வினைல் சூட்டில் இளகும். பழைய துணியிலும் அப்படியே நின்றால் துணியைக் குறை சொல்வதற்கு முன் கதவிடைவெளியைப் பாருங்கள். நடுவில் தொய்ந்த காரில் கண்ணாடிச் சட்டம் பழைய இடத்தில் இருக்காது. கூரை அளவு மாறவில்லை, அது சேர வேண்டிய இடம்தான் நகர்ந்துவிட்டது. நான் ஒரு கூரைத் துணியை இப்படித்தான் வீணாக்கினேன்: ராக்கரைத் தொடுவதற்கு முன்பே வாங்கி, இழுத்துப் பிடித்து மாட்டி, ஒரே மாதத்தில் தையல் பிரிந்தது.

ராக்கர் இரண்டும் மாறி, குழாய்ச் சட்டத்தை அறுத்தெடுத்த அன்று மாலை, துணியே இல்லாத வெறும் கூரைச் சட்டத்தை மகளும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து முன்னால் கொண்டுவந்தோம். இரண்டு ஊசிகளும் இரண்டு துளைகளுக்கு நேராக நின்றன. அவள் பக்கத்துக் கொக்கியை அவளே கட்டைவிரலால் மாட்டினாள். அடுத்த வாரம்தான் துணிக்கு ஆர்டர் கொடுத்தேன்.